019 அறிக்கையில் நாடு தப்பினால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக

அமெரிக்காவில் கிளை நடத்தும் வெளிநாட்டு வங்கிகளுக்கு எஃப்எஃப்ஐஇசி 019 அறிக்கையை நாகர்கோவிலில் உட்கார்ந்து தயாரித்துக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. எந்த நாட்டவரிடம் இருந்து கிளைக்கு எவ்வளவு வரவேண்டும் என்பதை நாடு வாரியாக அமெரிக்க வங்கி மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லும் அறிக்கை அது. காலாண்டு முடிந்ததும் பழைய பிழைகளே மறுபடி வந்து நிற்கும். பி.காம் முடித்துப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எக்செல் ஃபார்முலாவைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். ஃபார்முலா பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். கோளாறு இருப்பது வாடிக்கையாளர் மாஸ்டரில் (வாடிக்கையாளர் விவரங்களின் மூலப் பட்டியல்), அதுவும் நாடு என்ற கட்டத்தில். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியிலும் செலவில்லாத சோதனையாக மாஸ்டரை முதலில் வைத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் மாஸ்டரில் மூன்று நாடுகள் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். கடன் வாங்கியவர் பதிவான நாடு, அவர் ஒரு வங்கியின் கிளை என்றால் அந்த வங்கியின் தலைமையக நாடு, கேரண்டி கொடுத்தவரின் நாடு. ஒரே கட்டத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் அதில் மாற்றி மாற்றி எழுதியிருந்தால், கீழே சொல்லும் எதுவும் நிரந்தரமாகத் தீராது.

அறிக்கையின் அளவுகோல்களும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டவர் மீதான நேரடி க்ளெய்ம் (அவர்களிடம் இருந்து வரவேண்டிய தொகை) மொத்தம் 30 மில்லியன் டாலரைத் தாண்டிய கிளை அல்லது ஏஜென்சி இதைத் தாக்கல் செய்கிறது. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசி நாள் நிலவரப்படி கணக்கு. வங்கியின் சொந்த நாடு தொகை எவ்வளவாக இருந்தாலும் வரும். அதற்குமேல், சரிக்கட்டிய தொகையில் (கேரண்டி, தலைமையகம் போன்றவற்றைப் பார்த்து நாடு மாற்றியபின் வரும் தொகை) பெரியவையாகவும் குறைந்தது 20 மில்லியன் டாலராகவும் உள்ள ஐந்து நாடுகள் வரும்.

## அறிகுறி: சம்பந்தமே இல்லாத ஒரு நாடு பட்டியலில் வந்து நிற்கிறது

"அண்ணா, நம்ம கிளைக்கு ஜெர்மனியில் ஆளே கிடையாதே, இது எங்கேயிருந்து வந்தது?" இந்தக் கேள்வி வந்தாலே பதில் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது: மாநிலக் குறியீடு நாட்டுக் கட்டத்தில் விழுந்திருக்கிறதா? டெலாவேர் மாநிலத்தின் குறியீடு டிஇ. ஜெர்மனியின் இரண்டெழுத்துக் குறியீடும் டிஇ. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளில் பாதிக்கு மேல் டெலாவேரில் பதிவாகியிருப்பதால் இந்த ஒரு தவறே பெரிய தொகையைத் தூக்கிக்கொண்டு வரும். இதே சிக்கல் கலிஃபோர்னியாவுக்கும் கனடாவுக்கும் (சிஏ), பென்சில்வேனியாவுக்கும் பனாமாவுக்கும் (பிஏ), இல்லினாய்ஸுக்கும் இஸ்ரேலுக்கும் (ஐஎல்), கொலராடோவுக்கும் கொலம்பியாவுக்கும் (சிஓ) இடையே உண்டு. வங்கியின் சொந்த நாடு இந்தியாவாக இருந்தால் இண்டியானாவைத் தனியாகத் தேடுங்கள், ஏனென்றால் இரண்டும் ஐஎன். அந்தத் தவறு சொந்த நாட்டு வரிசையில் கலந்துவிடும், யார் கண்ணிலும் உறுத்தாது.

சோதனை எளிது. நாட்டுக் குறியீடு வெளிநாடு, அஞ்சல் குறியீடு ஐந்து இலக்க அமெரிக்க எண் என்ற இரண்டும் சேர்ந்து வரும் கணக்குகளை வடிகட்டுங்கள். வருவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

மாநிலக் குறியீடு இல்லை என்றால்: பெயர்க் குழப்பம். ஜார்ஜியா என்பது மாநிலமும் நாடும். விர்ஜின் தீவுகள் இரண்டு உண்டு. அமெரிக்க விர்ஜின் தீவுகள் இந்த அறிக்கையில் அமெரிக்காவைச் சேர்ந்தவை, பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகள் வெளிநாடு. போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காதான். ஜெர்சி, கெர்ன்சி, ஐல் ஆஃப் மேன் மூன்றையும் பிரிட்டனோடு கூட்டிவிடக் கூடாது. ஹாங்காங், மக்காவ் இரண்டையும் சீனாவோடு சேர்க்கக் கூடாது. ஜெர்சி என்று இருந்ததை யாரோ நியூ ஜெர்சி என்று "திருத்தி" வைத்ததும் நடந்திருக்கிறது.

அதுவும் இல்லை என்றால்: செத்துப்போன நாடு. நெதர்லாந்து ஆன்டிலிஸ் 2010 அக்டோபர் 10-ல் கலைந்துவிட்டது. குராசாவ், சின்ட் மார்ட்டென் என்று பிரிந்து பல வருடமாகியும் பழைய மாஸ்டர்களில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கலைந்த நாட்டின் பெயரில் ஒரு டாலர் இருந்தாலும் அந்தக் கணக்கின் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துத்தான் புதிய நாட்டைப் போட வேண்டும். ஊகித்துப் போடாதீர்கள்.

எப்போது மேலே சொல்வது: பதிவுப் பத்திரமே கோப்பில் இல்லை என்றால் அது கிளையின் வாடிக்கையாளர் ஆவணப் பிரிவின் வேலை. நாகர்கோவிலில் இருந்து கூகுள் பார்த்து நிரப்பும் வேலை இல்லை.

## அறிகுறி: சேர்த்ததும் கழித்ததும் ஒத்துவரவில்லை

நேரமெல்லாம் விழுங்குவது இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

களியக்காவிளையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுக்கிறது. ஜாமீன் போட்டவர் பாறசாலையில் இருக்கும் மாமனார். கடன்காரர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்தான், ஆனாலும் பணம் வராவிட்டால் சங்கச் செயலாளர் பஸ் ஏறிப் போவது கேரளத்துக்கு. 019 கேட்பது அந்தப் பஸ் எங்கே போகும் என்பதைத்தான். கடன்காரரின் நாட்டில் இருந்து தொகையைக் கழித்து, கேரண்டி கொடுத்தவரின் நாட்டில் சேர்க்க வேண்டும். எனவே எல்லா நாடுகளையும் வைத்துப் பார்த்தால் கழித்ததும் சேர்த்ததும் சமமாக வர வேண்டும்.

வரவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

1. வேலைத்தாளில் அமெரிக்கா என்ற வரிசை இருக்கிறதா? படிவத்தில் அமெரிக்காவுக்கு இடமில்லை என்பதால் பலர் வேலைத்தாளிலும் அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு எப்படிக் கூட்டினாலும் ஒத்துவராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தியக் கம்பெனியின் சிங்கப்பூர் துணை நிறுவனத்துக்கு 40 மில்லியன் கடன், தாய் நிறுவனத்தின் முழுக் கேரண்டியோடு. சிங்கப்பூரில் 40 கழியும், இந்தியாவில் 40 சேரும். ஜப்பான் கம்பெனியின் நியூ ஜெர்சி துணை நிறுவனத்துக்கு 25 மில்லியன், டோக்கியோ தாய் நிறுவனம் கேரண்டி. அமெரிக்காவில் 25 கழியும், ஜப்பானில் 25 சேரும். ஒரு அமெரிக்க வங்கியின் கேமன் கிளையில் 30 மில்லியன் வைப்பு. கேமனில் 30 கழியும், அமெரிக்காவில் 30 சேரும்.

வெளிநாட்டு வரிசைகளை மட்டும் பார்த்தால் சேர்ந்தது 65, கழிந்தது 70. ஐந்து மில்லியன் இடிக்கிறது. அமெரிக்க வரிசையில் 30 சேர்ந்து 25 கழிந்திருக்கிறது, நிகரம் 5. அதையும் வைத்தால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு வரிசையைச் சேர்த்ததும் பாதிப் புகார்கள் அடங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

2. இன்னும் இடிக்கிறதா? கேரண்டியின் தேதியும் அளவும். 60 சதவீதத்துக்கு மட்டும் கேரண்டி இருந்தால் 60 சதவீதம்தான் நகரும். மாஸ்டரில் "கேரண்டி: ஆம்" என்று மட்டும் குறித்து வைத்திருந்தால் கழிக்கும் பக்கம் முழுத் தொகையையும் சேர்க்கும் பக்கம் கேரண்டித் தொகையையும் எடுக்கும். காலாண்டுக் கடைசி நாளுக்கு முன்பே கெடு முடிந்த கேரண்டி இருந்தாலும் இப்படித்தான் ஒருபக்கமாகத் தொங்கும். கேரண்டி வேறு நாணயத்தில் இருந்து, இரண்டு பக்கமும் வேறு வேறு தேதியின் மாற்று விகிதத்தை எடுத்திருந்தால் சில்லறையாக வித்தியாசம் காட்டும். சில்லறை வித்தியாசம் என்றால் முதலில் மாற்று விகிதத்தைப் பாருங்கள்.

3. நாடே மாறாத நகர்த்தல். இந்திய இறக்குமதியாளருக்கு இந்திய வங்கியே கேரண்டி கொடுத்திருந்தால் நாட்டுக் கணக்கில் நகர்த்த ஒன்றும் இல்லை. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வணிகக் கடனுக்கான எல்ஓயு (வங்கி எழுதிக் கொடுக்கும் பொறுப்புறுதிக் கடிதம்) முறையை நிறுத்தும்வரை இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் இந்த ரகம் ஏராளமாக இருந்தது. அந்தக் காலத்து நகர்த்தல் விதிகள் சில வேலைத்தாள்களில் இப்போதும் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். தேவை இருக்கிறதா என்று கேட்டு எடுத்துவிடுங்கள்.

4. அது கேரண்டிதானா? தாய் நிறுவனம் எழுதிக் கொடுத்த ஆறுதல் கடிதம், "எங்கள் துணை நிறுவனத்தைப் பற்றி நாங்கள் அறிவோம்" என்ற ரகக் கடிதம் எல்லாம் இங்கே செல்லாது. சட்டப்படி கட்டுப்படுத்தும், எழுத்துபூர்வமான கேரண்டி வேண்டும். துணை நிறுவனத்துக்குப் பெரிய தாய் நிறுவனம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நாட்டை மாற்றக் கூடாது. வங்கிக் கிளை வேறு கதை, அதைக் கேமன் பகுதியில் சொல்கிறேன்.

5. அடமானத்தை வைத்து நகர்த்தியிருக்கிறார்களா? அடமானத்தாலும் நாடு மாறலாம், ஆனால் அது எளிதில் விற்றுப் பணமாக்கக்கூடியதாக, கடன்காரரின் நாட்டுக்கு வெளியே இருக்கிறதாக, வெளியிலேயே கைக்கு வரக்கூடியதாக இருக்க வேண்டும். ரொக்க வைப்பு, சந்தையில் விற்கக்கூடிய கடன் பத்திரம் போன்றவை சரி. பத்திரம் என்றால் அதை வெளியிட்டவரின் நாட்டுக்குத் தொகை போகும். தொழிற்சாலைக் கட்டடம், குடோனில் கிடக்கும் முந்திரி மூட்டை, நிலம் இவையெல்லாம் நகர்த்தக் காரணம் ஆகாது. யாராவது நகர்த்தியிருந்தால் திருப்பி வையுங்கள்.

எப்போது சட்டப் பிரிவை அழைப்பது: நான்காவது, ஐந்தாவது காரணங்களில் பத்திரத்தைப் படித்தும் உங்களுக்கு நிச்சயம் வரவில்லை என்றால் உடனே. கேரண்டிப் பத்திரத்தின் வாசகத்துக்குப் பொருள் சொல்வது நம் வேலை இல்லை. பத்திரத்தின் நகலையும், தொகையையும், எந்த நாட்டில் இருந்து எந்த நாட்டுக்கு நகரும் என்பதையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, ஆமா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். நீளமாக விளக்கம் கேட்டால் பதில் வர அடுத்த காலாண்டு ஆகிவிடும்.

## அறிகுறி: கேமன் தீவுகள் பெருத்து நிற்கிறது

கேமன் தொகை பெரியதாக இருப்பதே தவறு இல்லை. ஆனால் அங்கே இருப்பது யார் என்று பிரிக்காமல் ஒரே கட்டியாக வைத்திருப்பது தவறு. கணக்குகளை எடுத்து நான்காகப் பிரியுங்கள்.

வேறு வங்கியின் கேமன் கிளையா? கிளை என்பது தலைமையகத்தின் கை. தனியாகக் கேரண்டிப் பத்திரம் தேவையில்லை, தலைமையகமே பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கனடா வங்கியின் கேமன் கிளை என்றால் சரிக்கட்டிய தொகை கனடாவுக்குப் போகும். அமெரிக்க வங்கியின் கேமன் கிளை என்றால் வெளிநாட்டுக் கணக்கை விட்டே வெளியேறும். ஜப்பான் வங்கியின் லண்டன் கிளைக்கும் இதே விதிதான். நேரடிப் பத்தியில் பிரிட்டன், சரிக்கட்டிய பத்தியில் ஜப்பான்.

வங்கியின் துணை நிறுவனமா? பெயரில் வங்கி இருப்பதால் கிளை என்று நினைத்துவிடுவது வழக்கம். தனியாகப் பதிவான கம்பெனி என்றால் அது கேமன்தான். கேரண்டி இருந்தால் மட்டுமே நகரும். மாஸ்டரில் "கிளை / துணை நிறுவனம்" என்று ஒரு கட்டம் கூடுதலாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. அரைநாள் வேலை.

நிதியம் அல்லது எஸ்பிவியா (ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் தொடங்கிய கம்பெனி)? நடத்துகிறவர் நியூயார்க்கில் இருப்பார், முதலீட்டாளர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள், பதிவு மட்டும் கேமன். கேமனிலேயே வையுங்கள். நடத்துகிறவரின் முகவரியைப் பார்த்து அமெரிக்கா என்று மாற்றுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. கப்பல் கம்பெனிகளிலும் இதே கதை. லைபீரியாவிலோ மார்ஷல் தீவுகளிலோ பதிவு, அலுவலகம் கிரீஸ். கிரீஸுக்கு நகர்த்த வேண்டுமானால் கிரேக்கத் தாய் நிறுவனத்தின் கேரண்டி கோப்பில் இருக்க வேண்டும்.

சொந்த வங்கியின் கேமன் கிளையா? அது உறவு அலுவலகக் கணக்கு, அதாவது அதே வங்கியின் இன்னொரு அலுவலகத்தோடு உள்ள கணக்கு. தொடர்பில்லாத வெளிநாட்டவர் என்ற பகுதிக்குள் அது நுழைந்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். படிவத்தில் வகை வாரியாகவும் கெடு வாரியாகவும் பிரிப்பது தொடர்பில்லாதவர்களுக்குத்தான், அங்கே இது கலந்தால் எல்லாக் கட்டமும் வீங்கிவிடும்.

இந்தப் பகுதியில் ஒரு எதிர்முனைச் சோதனையும் உண்டு. உங்கள் கிளை நியூயார்க்கிலேயே இருக்கும் இன்னொரு வெளிநாட்டு வங்கியின் கிளையில் பணம் வைத்திருக்கும். முகவரி அமெரிக்கா என்பதால் நேரடிக் க்ளெய்மில் வராது. ஆனால் அதுவும் கிளைதானே, தலைமையக நாட்டில் சேர வேண்டும். கேமனைத் திருத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மறந்தால் தொகை குறைவாகத் தெரியும், குறைவாகத் தெரிந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

## அறிகுறி: 002 அறிக்கையோடு ஒத்துவரவில்லை

002 என்பது அதே கிளையின் சொத்து, கடன் அறிக்கை. அது முன்னதாகவே போய்விடும். 019 பின்னால் போவதால், பார்க்கிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அலகு முதலில். 002 ஆயிரம் டாலரில் எழுதப்படுவது. 019 படிவத்தின் தலையில் அச்சாகியிருக்கும் அலகைப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். சரியாக ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

அலகு சரி, இன்னும் இடிக்கிறது என்றால் மொத்தத்தோடு மொத்தத்தை மோதாதீர்கள். 002-ல் வெளிநாட்டு க்ளெய்ம் ஒரே இடத்தில் இருக்காது. வெளிநாட்டு வங்கிகளில் உள்ள இருப்பு அட்டவணை ஏ-யில், வெளிநாட்டு வங்கிகளுக்கும் அரசுகளுக்கும் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள தொழில் நிறுவனங்களுக்கும் கொடுத்த கடன் அட்டவணை சி-யில், உறவு வங்கி அலுவலகங்களிடம் இருந்து வரவேண்டியது அட்டவணை எம்-ல். ஒவ்வொன்றாக மோதுங்கள். எங்கே இடிக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அட்டவணை சி-யில் இரண்டு வரிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்காவில் உள்ள பிற வெளிநாட்டு வங்கிக் கிளைகளுக்குக் கொடுத்த கடன் ஒரு வரி. அதில் தொகை இருந்தால் 019-ல் தலைமையக நாடுகளில் சேர்த்தல் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்க வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்குக் கொடுத்த கடன் இன்னொரு வரி. அதில் தொகை இருந்தால் 019-ல் கழித்தல் இருந்தே ஆக வேண்டும். 002-ல் தொகை இருக்கிறது, 019-ல் நகர்த்தலே இல்லை என்றால், மேலே கேமன் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

இதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால் மூன்று இடங்கள்தான் மிச்சம். ஐபிஎஃப் (வெளிநாட்டு வியாபாரத்துக்காகக் கிளை தனியாக வைக்கும் கணக்குப் பிரிவு) கணக்குகள் 002-க்குள் வந்து 019-க்கு வராமல் போயிருக்கும். வேறு வங்கிக்கு விற்ற கடன் பங்கை ஒரு பக்கம் கழித்து மறுபக்கம் கழிக்காமல் விட்டிருப்பார்கள். இன்னும் எடுக்காத கடன் வரம்பு க்ளெய்முக்குள் புகுந்திருக்கும். உலக வங்கி போன்ற சர்வதேச அமைப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள். முகவரி வாஷிங்டன் என்பதால் மாஸ்டரில் அமெரிக்கா என்று கிடக்கும், ஆனால் அவை வெளிநாட்டவர் பக்கம் நிற்க வேண்டியவை.

002-லேயே தவறு என்று தெரியவந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போய்ச் சேர்ந்த அறிக்கையைத் திருத்துவது கிளையின் நிதிப் பொறுப்பாளர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். 019-ஐ வளைத்து 002-க்குப் பொருத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி: சொந்த நாட்டு வரிசை காலி, அல்லது நம்ப முடியாத அளவு பெரிது

காலியாக இருந்தால், தலைமையகத்தில் வைத்த பணத்தை யாரும் எடுத்துவரவில்லை என்று பொருள். 002-ன் சொத்துப் பக்கம் உறவு அலுவலகங்களோடு உள்ள கணக்கை வரவு செலவு கழித்து நிகரமாகக் காட்டும். அந்த நிகர எண்ணை மட்டும் பார்த்தவர், கிளைதான் தலைமையகத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது, வரவேண்டியது இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். அட்டவணை எம்-ல் மொத்தத் தொகை இருக்கும், அங்கே இருந்து எடுங்கள். 30 மில்லியன் வரம்பைத் தாண்டவில்லை, தாக்கல் தேவையில்லை என்று சொல்லும் சிறிய கிளைகளிலும் இதையே முதலில் பாருங்கள். தலைமையகமும் வெளிநாட்டவர்தான்.

பெரிதாக இருந்தால் முதலில் இண்டியானா. பிறகு கேரண்டி நகர்த்தல். சொந்த நாட்டுத் தாய் நிறுவனங்களின் கேரண்டிகள் எல்லாத் திசையில் இருந்தும் அங்கேதான் வந்து சேரும், அதனால் பெரிதாக இருப்பது உண்மையாகவும் இருக்கலாம். பெரிய ஐந்து நகர்த்தல்களின் பத்திரத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: ஐந்து நாடுகள் ஒவ்வொரு காலாண்டும் மாறுகின்றன

வரிசைப்படுத்தியது எந்தப் பத்தியை வைத்து? நேரடிக் க்ளெய்மை வைத்து என்றால் அதுதான் பிழை. சரிக்கட்டிய தொகையை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். நேரடியில் முதலிடத்தில் நிற்கும் கேமனும் சிங்கப்பூரும் சரிக்கட்டியபின் காணாமலே போகலாம், நேரடியில் பூஜ்யமாக இருந்த கொரியா மூன்றாவது இடத்துக்கு வரலாம்.

பத்தி சரி என்றால் 20 மில்லியன் எல்லையில் இரண்டு மூன்று நாடுகள் நெருங்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் மாறுவது இயல்பு, ஒன்றும் செய்ய வேண்டாம். வேலைத்தாளில் பத்து நாடுகள்வரை வைத்துக்கொண்டால் ஏன் மாறியது என்று கேட்கும்போது பதில் சொல்ல வசதி. ஐந்தோடு வெட்டிவிட்டால் போன காலாண்டு நாட்டின் தொகை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

## அறிகுறி: கெடு வாரியான தொகையில் எல்லாம் குறுகிய கெடுவில் விழுகிறது

மிதக்கும் வட்டிக் கடன்களில் கணினி எடுத்துக் கொடுப்பது வட்டி மாறும் தேதியாக இருக்கும். கேட்பது கடன் முடிய இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்பது. இறுதித் தவணைத் தேதிக் கட்டத்துக்கு இணைப்பை மாற்றுங்கள். எல்லாம் நீண்ட கெடுவில் விழுந்தால் தலைகீழாக, கடன் கொடுத்த நாளில் இருந்து எண்ணியிருப்பார்கள். காலாண்டுக் கடைசி நாளில் இருந்து எண்ண வேண்டும்.

## அறிகுறி: அனுப்பும் இடத்தில் திருப்பி அனுப்புகிறது

நாட்டுக் குறியீடு, காலியான கட்டம், கழித்தல் குறியோடு வந்த தொகை, போன காலாண்டின் தேதி. இந்த நான்கைத் தாண்டி நான் அதிகம் பார்த்ததில்லை. கழித்தல் குறி வந்தால் கையால் அழிக்காதீர்கள். ஒரு நாட்டில் இருப்பதைவிட அதிகமாகக் கழித்திருக்கிறீர்கள் என்று அது சொல்கிறது. ஒரே கடனுக்கு இரண்டு கேரண்டி இருந்து இரண்டையும் நகர்த்தியிருப்பீர்கள்.

நம் ஊருக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. செப்டம்பர் காலாண்டு வேலை நடப்பது வடகிழக்குப் பருவமழை நேரத்தில். ஜூன் காலாண்டும் மழையில்தான். அக்டோபர், நவம்பரில் மரம் விழுந்து லைன் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒக்கி அடித்த 2017-ஐப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசி நாளுக்கு இரண்டு வேலைநாள் முன்பே கோப்பை நியூயார்க் பக்கம் ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள். அங்கே காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அந்த நேரம் மாறும் வாரத்தில் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் தப்பி வருகிறவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் உண்டு.

திரும்பி வந்த செய்தியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தனித்தனிக் கிளைகளின் 019 எண்கள் பொதுவில் வெளியிடப்படுவதில்லை, ரகசியமானவை.

## அறிகுறி: அனுப்பிய பிறகு ஃபெடரல் ரிசர்வில் இருந்து கேள்வி வருகிறது

பெரும்பாலும் "இந்த நாட்டின் தொகை போன காலாண்டை விட ஏன் இவ்வளவு மாறியது" என்ற ஒரு வரிதான். கேள்வி வந்தாலே தவறு என்று பயப்பட வேண்டாம். கணக்குவாரியாக இரண்டு காலாண்டையும் வைத்து, வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கும் மூன்று நான்கு கணக்குகளை எடுத்துக் கொடுங்கள். புதிய கடன், அடைந்த கடன், காலாவதியான கேரண்டி, மாஸ்டர் திருத்தம் என்று காரணம் எழுதுங்கள். பதில் கிளையின் பெயரில் கிளை அதிகாரி மூலமாகத்தான் போக வேண்டும். எவ்வளவு நல்ல விளக்கமாக இருந்தாலும் நாம் நேராக எழுதக் கூடாது.

காரணம் "மாஸ்டர் திருத்தம்" என்றால் அடுத்த கேள்வி என்ன என்பது தெரிந்ததே: முந்தைய காலாண்டுகளிலும் அந்தத் தவறு இருந்ததா? அதைக் கேட்கும் முன்பே பாருங்கள். அந்தக் கணக்கு எப்போது திறந்தது, தவறான குறியீடு எப்போது ஏறியது, எத்தனை காலாண்டு அதோடு போயிருக்கிறது, அதனால் ஐந்து நாடுகளின் பட்டியல் எங்காவது மாறியதா. ஒரு காலாண்டு, பட்டியல் மாறவில்லை, தொகையும் சிறிது என்றால் கிளை அதிகாரியே பேசி முடித்துவிடுவார். பல காலாண்டு, அல்லது 20 மில்லியனைத் தாண்டிய ஒரு நாடு பட்டியலிலேயே வராமல் போயிருக்கிறது என்றால் திருத்திய அறிக்கைகள் தேவைப்படும். அதற்கு உள் தணிக்கை, சட்டப் பிரிவு, சில வங்கிகளில் வெளி ஆலோசகர் என்று எல்லோரும் வந்து உட்காருவார்கள். அந்தக் கட்டத்தில் நம் பங்கு ஒன்றுதான்: பழைய காலாண்டுகளின் வேலைத்தாள்களை எதையும் திருத்தாமல், அன்று இருந்தபடியே, மாஸ்டரின் மாற்றப் பதிவோடு சேர்த்து ஒப்படைப்பது. திருத்திய கணக்கை வேறு கோப்பில் போடுங்கள்.